லொய்கர்பாட்: பனியும் வெந்நீரும் ஒரே ஊரில்

சுவிட்சர்லாந்தில் வாழும் எங்கள் உறவினர்களிடம் பனிச்சறுக்கு என்று சொன்னால் செர்மாட், சென்ட் மோரிட்ஸ், கிரின்டெல்வால்ட் என்ற மூன்று பெயர்களுக்கு மேல் பேச்சு நகர்வதில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்பும் நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற பெப்ரவரி விடுமுறை நெருங்கியபோது, பள்ளிக்கூடத்தின் ஸ்கீ லாகரில், அதாவது பனிச்சறுக்கு முகாமில், பழகியதை மறந்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு வயது மகன் பிடிவாதமாக நின்றான். எழுபத்திரண்டு வயதான அம்மாவுக்கோ இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். பனி என்றாலே வழுக்கி விழுந்து எலும்பு முறிந்துவிடும் என்ற பயம்தான் அவருக்கு முதலில் வரும். மகனுக்காக அம்மா நான்கு சுவருக்குள் அடைந்து கிடப்பதையும், அம்மாவுக்காக மகன் ஏங்கி நிற்பதையும் நான் விரும்பவில்லை. இருவருக்கும் பொருந்துகிற ஊர் ஏதாவது உண்டா என்று விசாரித்தபோது, என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண்மணி சற்றும் யோசிக்காமல் சொன்ன பெயர் லொய்கர்பாட். மூன்று நாட்கள் அங்கே தங்கித் திரும்பினோம். வயதான பெற்றோரைப் பனிக்காலத்தில் எங்கே அழைத்துச் செல்வது என்று தவிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

லொய்கர்பாட், வாலிஸ் மாநிலத்தின் ஜெர்மன் மொழி பேசும் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேர்ணிலிருந்து தொடருந்தில் புறப்பட்டால், 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 34.6 கிலோமீட்டர் நீளமான லொட்ஷ்பேர்க் அடித்தளச் சுரங்கத்தைக் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் விஸ்ப் நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கே வேறு தொடருந்தில் ஏறி லொய்க் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் அரை மணி நேரம் மலையேற வேண்டும். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் பனியே இல்லை. இலையுதிர்த்த திராட்சைக் கொடிகள் மட்டும் சரிவுகளில் வரிசை வரிசையாக நின்றன. "பனி பார்க்கப் போகிறோம் என்றாய், இங்கே ஒன்றையும் காணவில்லையே" என்று அம்மா கேட்டார். அவர் குரலில் சிறிது நிம்மதியும் இருந்ததாக எனக்குப் பட்டது. பேருந்து வளைவுக்கு வளைவு ஏற ஏற, முதலில் பாறை இடுக்குகளிலும், பிறகு கூரைகளிலும், கடைசியில் எங்கு பார்த்தாலும் பனி வந்துவிட்டது. 1915 முதல் 1967 வரை இந்த ஏற்றத்தில் பல்சக்கரத் தொடருந்து ஓடியது. அது நிறுத்தப்பட்ட பின் பேருந்துதான் ஊருக்கு உயிர்நாடி.

கடைசி வளைவைத் தாண்டியதும் ஊர் தென்படும் காட்சியை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பக்கமும் செங்குத்தான சாம்பல் நிறப் பாறைச் சுவர்கள் எழுந்து நிற்க, அவற்றின் அடிவாரத்தில், கிண்ணத்தின் அடியில் தங்கிய சோறு போல, வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வடக்கே நிற்கும் கெம்மிச் சுவர் மட்டுமே ஊரிலிருந்து 900 மீட்டர் உயரம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவு. பழைய தெருக்களில் வெயில்பட்டுக் கறுத்த லார்ச் மர வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டப்பட்ட பெரிய விடுதிகள் இருக்கின்றன. அந்தக் கட்டடங்கள் அழகானவை என்று நான் சொல்ல மாட்டேன். படங்களில் பார்த்துப் பழகிய மர பால்கனிக் கிராமத்தைத் தேடிப் போகிறவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் ஏமாற்றமடையக்கூடும். ஆனால் பாதசாரிகள் நடக்கும் இடமெல்லாம் பனியை வழித்துச் சரளைக்கல் தூவி வைத்திருந்தார்கள். ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவருக்கு மர பால்கனியைவிட அந்தச் சரளைக்கல்தான் முக்கியம்.

பைகளை அறையில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது, தெருவோரத் தண்ணீர்த் தொட்டி ஒன்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா கையுறையைக் கழற்றி, முதலில் விரல் நுனியை வைத்துப் பார்த்து, பிறகு மணிக்கட்டு வரை நீருக்குள் விட்டார். தொட்டியின் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி குவிந்திருக்க, அதற்கு இரண்டு அங்குலம் கீழே நீர் சுடச்சுட ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்ட நாட்களை அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. கையை எடுக்காமல் நெடுநேரம் நின்றார்.

இந்த நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் பிழைப்பு, வரலாறு, பெயர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாட் என்றால் ஜெர்மன் மொழியில் குளியல். ஊரின் ஊற்றுகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 இலட்சம் லீட்டர் வெந்நீர் வெளிவருகிறது. அவற்றுள் பெரியதான புனித லோரன்ஸ் ஊற்றின் வெப்பம் 51 பாகை செல்சியஸ். இது எரிமலையின் வெப்பம் அல்ல. சுற்றியுள்ள மலைகளில் விழும் மழையும் உருகிய பனியும் சுண்ணக்கல் பிளவுகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, வழியில் ஜிப்சம் அடுக்குகளைக் கரைத்துக்கொண்டு, பாறைப் பிளவுகளில் மீண்டும் மேலே ஏறி வருகின்றன. அதனால்தான் இந்த நீரில் கால்சியமும் சல்பேட்டும் மிகுந்திருக்கின்றன. மலையில் விழுந்த ஒரு துளி ஊற்றாக வெளிவர நாற்பது ஆண்டுகள் ஆகும் என்று ஊரார் சொல்கிறார்கள்.

அம்மாவைக் குளிக்கச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய காரியமாக இருந்தது. ஆண்களும் பெண்களும் ஒன்றாக இறங்கும் குளத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே, நீச்சலுடையில் இறங்குவதா என்று ஒரு வாரத்துக்கு முன்பே மறுத்துவிட்டார். முழங்காலும் தோளும் மூடுகிற, நீச்சலுக்கென்றே தைக்கப்பட்ட உடை ஒன்றைத் தேடி வாங்கி, அது அனுமதிக்கப்படுமா என்று குளியலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு குளியலகத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. ஊரின் பெரிய குளியலகங்கள் லொய்கர்பாட் தெர்மேயும் வாலிஸ் ஆல்பென்தெர்மேயும் ஆகும். பின்னதில் ரோமன்-ஐரிஷ் குளியல் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. அங்கே நீச்சலுடையே அணிவதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும்போது எந்தப் பகுதிக்கு வாங்குகிறோம் என்பதைக் கவனித்து வாங்கினால் சங்கடம் நேராது.

மாலை நான்கரை மணிக்கு நாங்கள் வெளிக்குளத்தில் இறங்கினோம். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அம்மா ஒவ்வொரு படியாக இறங்கினார். நீர் இடுப்புக்கு வந்ததும் அவருடைய முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. கழுத்து வரை அமிழ்ந்ததும் கண்களை மூடிக்கொண்டார். அவரைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய வயதை ஒத்தவர்கள், அறுவைச் சிகிச்சைத் தழும்புகளோடும் வளைந்த விரல்களோடும் இருந்தவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் பனி பெய்யத் தொடங்கியது. நீர்ப்பரப்பைத் தொடுவதற்கு முன்பே ஆவியில் கரைந்துபோன பனித்துகள்கள், எங்கள் தலைமயிரில் மட்டும் தங்கின. அம்மாவின் நரைத்த வகிட்டில் வெள்ளைமேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்ததையும், காதோரத்து ஈரமயிர் உறைந்து கம்பி போல நின்றதையும் நான் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுக் கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "அப்படியென்றால் உன்னை நான் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது இந்த மலையில் விழுந்த பனியில்தான் இப்போது குளிக்கிறோம்" என்றார்.

முற்காலத்தில் இங்கே சிகிச்சைக்கு வந்தவர்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை நீருக்குள் உட்கார்ந்திருப்பார்களாம். நீண்ட அங்கிகளை அணிந்தபடி, நீரில் மிதக்கும் சிறு பலகைகளில் காப்பியும் நூல்களும் சதுரங்கப் பலகையும் வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கியிருக்கிறார்கள். 1878இல் இவ்வழியே வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. இருபது நிமிடம் நீரில் இருந்துவிட்டு, வெளியே வந்து உடலைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து, தண்ணீர் குடித்து, பிறகு விரும்பினால் மீண்டும் இறங்குவதுதான் முறை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் புறப்படும் முன்பே குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். மிகச் சூடான குளங்களைத் தவிர்க்கச் சொன்னார், தவிர்த்தோம். வெந்நீர் தேய்ந்த மூட்டைப் புதிதாக்கிவிடாது. ஆனால் அன்றிரவு அவர் வலிமாத்திரை கேட்கவில்லை, விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினார்.

மகனுக்கு ஊரின் பனிச்சறுக்குத் தளமான டோரென்ட். ஊரிலிருந்து கேபிள் கார் நேராக 2300 மீட்டருக்கு மேலுள்ள ரிண்டர்ஹுட்டேக்கு ஏறுகிறது; அங்கிருந்து வேறு லிஃப்டுகள் இன்னும் மேலே செல்கின்றன. மொத்தம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள். செர்மாட்டில் இதைப்போலப் பல மடங்கு நீளம் உண்டு என்பது உண்மைதான், தேர்ந்த சறுக்காளர்களுக்கு டோரென்ட் இரண்டாம் நாளிலேயே பழகிப்போய்விடும். பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ இதைவிட நல்ல இடம் கிடைக்காது. லிஃப்டுக்கு வரிசையில் நின்ற நேரம் மிகக் குறைவு, பாதைகள் அகலமானவை, தெற்கே முகம் காட்டும் சரிவு என்பதால் காலை முதல் வெயில் விழுகிறது. முதல் முறை மேலேறி நின்றபோது ரோன் பள்ளத்தாக்குக்கு அப்பால் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் வேலிபோட்டது போல நின்றன. அவற்றில் 4506 மீட்டர் உயரமான வைஸ்ஹோர்னை மகன்தான் எனக்குக் காட்டினான், பள்ளிக்கூடத்தில் படித்தானாம்.

கனத்த சறுக்குச் சப்பாத்தின் நான்கு கொளுவிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கி, குதிகாலை அழுத்திச் சறுக்குப் பலகையில் 'டக்' என்று பூட்டிவிட்டு அவன் நிமிர்ந்தபோது, நேற்றுவரை சோற்றுக் கோப்பையைக் கழுவி வைக்க மறுத்த பிள்ளைதானா இவன் என்று இருந்தது. அம்மாவும் கேபிள் காரில் மேலே வந்திருந்தார். உணவகத்தின் வெளித்தளத்தில், கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, பேரன் இறங்கும் ஒவ்வொரு முறையும் நீலத் தொப்பியை வைத்து அவனை அடையாளம் கண்டுபிடித்தார். அவன் ஒருமுறை உருண்டு விழுந்து பனியோடு பனியாக எழுந்தபோது அவர் பதறி எழுந்துவிட்டார். மேலே வந்து சேர்ந்தவன், "அம்மம்மா, விழாமல் ஒருவரும் பழக முடியாது" என்று அவருக்கு ஆறுதல் சொன்னான். இரண்டாம் நாள் காற்று பலமாக வீசியதால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். மலையில் அது வழக்கம். அப்படிப்பட்ட நாளில் மற்றப் பனிச்சறுக்கு ஊர்களில் பிள்ளைகள் அறைக்குள் கைப்பேசியோடு முடங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அவன் பாட்டியோடு வெந்நீருக்குள் இறங்கினான்.

மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் கெம்மிக் கணவாய்க்குப் போனோம். ஊரிலிருந்து பார்த்தால், அந்தச் சுவரில் மனிதன் ஏற வழி இருக்க முடியும் என்றே தோன்றாது. ஆனால் வாலிஸையும் பேர்ண் மாநிலத்தையும் இணைக்கும் பழைய பாதை அதே பாறையில்தான் செல்கிறது. 1740ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரியப் பக்கத்து டிரோல் பகுதித் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்து அதைக் கழுதைகளும் குதிரைகளும் செல்லும் வழியாக்கினார்கள். 1861இல் பிரெஞ்சுச் சீமாட்டி ஒருவர் குதிரையிலிருந்து தவறி விழுந்து இறந்த பின்னர், குதிரைமேல் அமர்ந்தபடி கீழே இறங்குவது தடை செய்யப்பட்டது. 1957 முதல் கேபிள் கார் ஓடுகிறது. பாறையை உரசிவிடுமோ என்று அஞ்சும்படி அதை ஒட்டியே ஏறுகிறது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி மேலே போய்ச் சேரும்வரை தளரவில்லை. மேலே 2300 மீட்டரில் அவர் கண்ணாடிச் சாளரத்தின் அருகே தேநீருடன் அமர்ந்துகொள்ள, மகனும் நானும் பனியை அழுத்திச் சீராக்கிய நடைபாதையில் டௌபன் ஏரிக்கு இறங்கினோம். ஏரி உறைந்து, வெண்ணிற வயல் போலக் கிடந்தது. அதன்மேலேயே நெடுந்தூரச் சறுக்கர்களுக்கான தடம் போட்டிருந்தார்கள். இந்த ஏரிக்கு மேற்பரப்பில் வெளியேறும் ஆறு கிடையாது, நீர் சுண்ணக்கல் வழியாக நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. கால்களுக்கடியில் பனி நொறுங்கும் ஓசையைத் தவிர அங்கே வேறு ஓசை கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அம்மா மரக்கறி மட்டும் உண்பவர். ரை என்ற தானியத்தில் சுடும் வாலிஸின் இருண்ட ரொட்டி அவருக்குப் பிடிக்கவில்லை. உருளைக்கிழங்கு, லீக்ஸ், ஆப்பிள், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மாவுக்குள் வைத்துச் சுடும் பலகாரம் மிகவும் பிடித்தது. அதன் பெயர் கொலேரா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவியபோது வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு சமைத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தவர் இரண்டாம் துண்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஊர் அழிந்து எழுந்த ஊர் என்பது உணவகச் சுவரில் இருந்த பழைய படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1718ஆம் ஆண்டு ஜனவரியில் இறங்கிய பனிச்சரிவு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரைத் தரைமட்டமாக்கியது. 1990களின் இறுதியில் வந்த அழிவு வேறு வகை. குளியலகங்களுக்கும் பிற கட்டடங்களுக்கும் அளவுக்கு மீறிக் கடன் வாங்கிய ஊராட்சி, 34 கோடி பிராங்குக்கும் அதிகமான கடனில் மூழ்கி, நிர்வாகத்தை மாநிலத்தின் கண்காணிப்பில் ஒப்படைக்க நேர்ந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அது எத்தனை பெரிய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கடனில் எழுந்த சுவர்களுக்கு நடுவே இன்று என் அம்மாவின் முழங்கால் ஆறுதல் அடைகிறது என்று நினைத்தபோது எனக்கு நன்றியும் வருத்தமும் ஒருங்கே வந்தன.

எங்களைப் போன்ற நிறத்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1951ஆம் ஆண்டு முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தார். நண்பர் ஒருவரின் குடும்ப வீட்டில் தங்கித் தம் முதல் நாவலை இங்கேதான் எழுதி முடித்தார். அதுவரை கறுப்பின மனிதர் எவரையும் கண்டிராத ஊர்மக்கள் அவருடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்ததையும், நிறம் கையில் ஒட்டுகிறதா என்று வியந்ததையும், சிறுவர்கள் தெருவில் கூவியதையும் பற்றி 1953இல் ஹார்ப்பர்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. எண்பதுகளில் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்த எங்கள் அண்ணன்மார் தொடருந்து நிலையங்களில் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் அந்தத் தெருக்களில் நடந்தபோது அவர் தனியாக நடந்த பனிக்காலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் குளத்தில், எண்பது வயதிருக்கும் உள்ளூர் மூதாட்டி ஒருவர் அம்மாவின் அருகே வந்து, தம் முழங்காலைத் தட்டிக் காட்டி, பிறகு அம்மாவின் முழங்காலைச் சுட்டிக் கேள்வியாகப் பார்த்தார். அம்மாவுக்கு ஜெர்மன் சில சொற்களே தெரியும். அந்த மூதாட்டியின் வாலிஸ் ஜெர்மனோ எனக்கே பாதிதான் விளங்கியது. இருவரும் கால்மணி நேரம் கதைத்தார்கள். நீரின் வேகமான தாரைக்கு நேராக முழங்காலின் எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதை அந்த மூதாட்டி கையால் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு சொல். பாடசாலை விடுமுறை வாரங்களில் குளியலகங்கள் பிற்பகலில் நிரம்பிவிடும். மகன் மலைக்குப் போகும் காலை நேரத்தில்தான் முதியவர்கள் அமைதியாகக் குளிக்க முடியும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டாலா ஆற்றுப் பள்ளத்தில் ஊற்றுகளின் அருகே செல்லும் இரும்பு நடைபாலம் நாங்கள் போனபோது மூடியிருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் கோடையில் போக வேண்டும்.

திரும்பும் நாள் காலையில் பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பைகளை எண்ணிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, அம்மா முதல் நாள் கண்ட தொட்டியருகே நின்றார். கைக்குட்டையை நீரில் நனைத்துப் பிழிந்து, சேலைக்கு மேல் முழங்காலில் வைத்து அழுத்தினார். ஆறியதும் மறுபடி நனைத்தார். மகன் தன் சறுக்குச் சப்பாத்துகளைத் தோளில் தொங்கவிட்டபடி அவர் பக்கத்தில் போய் நின்று, ஊன்றுகோலை வாங்கிப் பிடித்துக்கொண்டான். பேருந்து வந்து கதவு திறக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.